சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

எல்லை கடந்து வரும் பொருளுக்கு வாசலில் கேட்கப்படும் கட்டணங்கள் பற்றிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களுக்கும் அங்கிருந்து கப்பலேறிய பண்டங்களுக்கும் சோழ வேந்தனின் அலுவலர் சுங்கம் கொண்டு, புலி முத்திரை பொறித்து அனுப்பினர் எனப் பட்டினப்பாலை கூறுகிறது. வேந்தனுக்குரிய பொருளை வகைப்படுத்திய வள்ளுவரும் ‘உல்கு பொருள்’ என்று சுங்கத்தைத் தனியே எண்ணினார். முதலாம் குலோத்துங்கனோ சுங்கத்தை நீக்கியமையால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப் பெயரைப் பெற்றான். நம் மறைநூலிலும் மத்தேயு அழைக்கப்பட்டது சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த வேளையில்தான். ஆகவே, சுங்கம் என்பது நேற்று முளைத்ததன்று. அன்று கப்பலுடைய வணிகனுக்கு மட்டுமே உரியதாயிருந்த அக்கவலை, இன்று கைப்பேசி வைத்திருக்கும் எளிய குடும்பத்தின் வாசலுக்கும் வந்து நிற்கிறது என்பதே புதிய செய்தி.

அன்பு வாசகர்களே! நம் பங்குகளில் வெளிநாடுகளில் மக்களையுடைய பெற்றோர் பலர். அப்பிள்ளைகள் இங்குள்ள கடைகளிலிருந்து இணையவழி சேலையும் பாவாடையும் வரவழைக்கின்றனர். அண்டை நாட்டுக் கடைகளிலிருந்து காலணியும் கருவிகளும் வாங்குகின்றனர். பொருள் வாசலுக்கு வருகிறது. கூடவே ஒரு கட்டணச் சீட்டும் வருகிறது. “விலையும் கொடுத்தோம், அனுப்பும் செலவும் கொடுத்தோம், இன்னும் எதற்குப் பணம்?” என்ற கேள்வி எழுகிறது. சிலர் சினங்கொண்டு பொருளைத் திருப்பி அனுப்புகின்றனர். சிலர் ஒன்றும் விளங்காமலே கேட்டதைக் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர், அடுத்த முறை விலையைக் குறைத்து எழுதும்படி கடைக்காரருக்குச் சொல்லியனுப்புகின்றனர். இம்மூன்றுமே அறியாமையால் விளைபவை. எனவே, இப்பொருள் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எடுத்துக்காட்டாகக் கனடா நாட்டைக் கொள்வோம். நம் தமிழ் மக்கள் டொராண்டோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர் என்பது ஒரு காரணம். அமெரிக்கக் கடைகளிலிருந்து கூரியர் வழி பொருள் வாங்குவோர் அங்கே மிகுதி; சுங்கத் தரகுக் கட்டணம் என்ற சிக்கலும் அங்கே மிகுதி என்பது மற்றொரு காரணம்.

மூன்று கைகள்

எல்லையில் நம் பணப்பையை நோக்கி மூன்று கைகள் நீளுகின்றன. அவற்றைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் முதற்பாடம்.

முதற்கை சுங்கத்தீர்வை. இது பொருளின் வகையையும், அது எந்நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் பொறுத்தது. நூல்களுக்குத் தீர்வை இல்லை. ஆயத்த ஆடைகள் பலவற்றுக்கோ 18 விழுக்காடு வரை உண்டு.

இரண்டாம் கை விற்பனை வரி. உள்நாட்டுக் கடையில் வாங்கியிருந்தால் எவ்வரியைச் செலுத்தியிருப்போமோ, அதையே எல்லையிலும் தண்டுகின்றனர். ஒண்டாரியோ மாநிலத்தில் அது 13 விழுக்காடு. தீர்வை இருந்தால், பொருளின் விலையோடு தீர்வையையும் கூட்டி, அத்தொகையின்மேல் இவ்வரி கணக்கிடப்படும்.

மூன்றாம் கை தரகுக் கட்டணம். இது அரசுக்குச் செல்வதன்று. சுங்கத்தில் நமக்காகக் கணக்குக் காட்டி, வரியை முன்னதாகக் கட்டிப் பொருளை விடுவித்துத் தந்ததற்காகக் கூரியர் நிறுவனமோ அதன் தரகரோ பெறும் கூலி இது.

முன்னிரண்டும் சட்டம் விதித்தவை; பேரம் பேச இடமில்லை. மூன்றாவது அத்தகையதன்று. அது ஒருவர் செய்த பணிக்கு மற்றொருவர் தரும் கூலியாதலின், முன்கூட்டியே கேட்டறியலாம். வேறு வழியைத் தேர்ந்து தவிர்க்கலாம். அப்பணியை நாமே செய்துகொள்ளவும் செய்யலாம். மூன்றையும் ஒன்றாகக் கருதி, “எல்லாம் சுங்கம்” என்று மக்கள் சலித்துக்கொள்வதால்தான் தரகரின்மேல் எழ வேண்டிய கேள்வி அரசின்மேல் எழுகிறது. அரசுக்குரியதை மறைக்கும் எண்ணமும் பிறக்கிறது.

இரு கணக்குகள்

கணக்கிட்டுப் பார்த்தால் செய்தி இன்னும் தெளிவாகும். டொராண்டோவில் வாழும் ஒரு குடும்பம் அமெரிக்கக் கடையொன்றிலிருந்து 50 கனடிய டாலர் விலையுள்ள காலணியைக் கூரியர் வழி வரவழைக்கிறது என்று கொள்வோம். 2020 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க வணிக உடன்பாட்டின்படி, அமெரிக்காவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ கூரியர் வழி வரும் பொருள் 40 டாலருக்கு மேற்படாவிடில் தீர்வையும் இல்லை, வரியும் இல்லை. 150 டாலர் வரை தீர்வை இல்லை, வரி மட்டும் உண்டு. ஆகவே நம் 50 டாலர் காலணிக்கு அரசு கேட்பது 13 விழுக்காட்டு வரியாகிய 6 டாலர் 50 காசு மட்டுமே.

தரகுக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். 25 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தக் கூலிக்கும் வரி உண்டு: 3 டாலர் 25 காசு. ஆக வாசலில் கேட்கப்படும் தொகை 34 டாலர் 75 காசு. ஆறரை டாலரைக் கட்டித் தருவதற்கு இருபத்தைந்து டாலர் கூலி! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி, அதே குடும்பம் சென்னைக் கடையொன்றிலிருந்து 100 கனடிய டாலர் விலையுள்ள ஆயத்த ஆடையை அஞ்சல் வழி பெறுகிறது என்று கொள்வோம். தீர்வை 18 விழுக்காடு எனில் 18 டாலர். விலையும் தீர்வையும் சேர்ந்த 118 டாலருக்கு 13 விழுக்காட்டு வரி 15 டாலர் 34 காசு. இவற்றைத் தண்டித் தருவதற்குக் கனடிய அஞ்சல் துறை பெறும் கையாளுகைக் கட்டணம் 9 டாலர் 95 காசு. மொத்தம் 43 டாலர் 29 காசு.

முதற்கணக்கில் பெரும்பகுதி தரகருக்கு. இரண்டாவதில் பெரும்பகுதி அரசுக்கு. முதலதைக் குறைக்க வழியுண்டு. இரண்டாவதை முன்னரே எதிர்பார்த்துச் செலவுக் கணக்கில் சேர்ப்பதே அறிவுடைமை. அஞ்சல் துறையின் கட்டணம் பொருளின் விலை எதுவாயினும் ஒரே அளவினது. வரியும் தீர்வையும் இல்லாத பொதிக்கு அது கேட்கப்படுவதும் இல்லை.

தரகர் எவ்வாறு இடையில் வந்தார்?

“நாங்கள் எந்தத் தரகரையும் அமர்த்தவில்லையே!” என்பது பலருடைய முறையீடு. கனடிய முறைப்படி, இறக்குமதி செய்பவர் தம் பொருளுக்குத் தாமே கணக்குக் காட்டி வரி செலுத்தலாம். அல்லது உரிமம் பெற்ற சுங்கத் தரகர் ஒருவரைத் தம் சார்பில் அமர்த்தலாம். கூரியரில் வரும் பொதிகளோ எண்ணிலடங்கா. ஒவ்வொன்றையும் எல்லையில் நிறுத்தி, உரியவர் வரும்வரை காத்திருக்க இயலாது. ஆதலின் 3,300 டாலருக்கு மேற்படாத பொதிகளைக் கூரியர் நிறுவனங்கள் பட்டியலிட்டு உடனே விடுவித்துக்கொள்ளவும், வரிக் கணக்கைப் பின்னர் ஒப்படைக்கவும் தனித் திட்டம் ஒன்று உள்ளது. நிறுவனம் நமக்காக வரியைச் செலுத்திவிட்டு, அதையும் தன் கூலியையும் வாசலில் கேட்கிறது. பொருளை அனுப்ப அந்நிறுவனத்தைத் தேர்ந்தபோதே, விடுவிக்கும் பணியையும் அதனிடம் ஒப்படைத்ததாக அதன் விதிமுறைகள் கொள்கின்றன. அவ்விதிமுறைகளை நம்மில் படிப்பவர் யார்?

கனடா எல்லைச் சேவை முகமை சுங்கத் தரகருக்கு உரிமம் வழங்குகிறது. ஆனால் அவர் பெறும் கட்டணத்தை நிர்ணயிப்பதில்லை. எனவே, “இவ்வளவு வாங்கலாமா?” என்று சுங்க அலுவலரிடம் முறையிட்டுப் பயனில்லை. கூலி பற்றிய வழக்கு நமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. பொருளைத் திருப்பி அனுப்பினால், செலுத்திய தீர்வையையும் வரியையும் முகமையிடம் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழியுண்டு. தரகருக்குக் கொடுத்த கூலியை முகமை திருப்பித் தராது.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பர். பிள்ளைகளுக்கு எழுதும்போது இவ்வைந்தையும் எழுதி அனுப்புங்கள்.

1. பொருள் எங்கிருந்து புறப்படுகிறது? கடையின் பெயர் உள்நாட்டுப் பெயராயிருக்கலாம். பொருளோ வேறு நாட்டுக் கிடங்கிலிருந்து வரலாம்.

2. கடையில் காட்டப்படும் விலையில் தீர்வையும் வரியும் அடங்குமா? சில கடைகள் அவற்றை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, தாமே செலுத்திவிடுகின்றன. அவ்வாறெனில் வாசலில் ஒன்றும் கேட்கலாகாது. அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துக.

3. எவ்வழியில் அனுப்புகின்றனர்? அஞ்சலா, கூரியரா? கூரியரெனில் எந்தச் சேவை? விரைவான வான்வழிச் சேவைகளில் தரகுக் கூலி பெரும்பாலும் அனுப்பும் செலவிலேயே அடங்கிவிடும். மலிவான தரைவழிச் சேவையில்தான் அது தனியே வந்து நிற்கும். மலிவு என்று தேர்ந்தது வாசலில் விலையேறிவிடுவது இதனால்தான்.

4. அந்நிறுவனத்தின் தரகுக் கட்டணப் பட்டியல் என்ன? பெரிய நிறுவனங்கள் இதை வெளியிடுகின்றன. தரகுக் கூலியன்றி, வரியை முன்னதாகக் கட்டியதற்கு ஒரு கட்டணம், பணத்தை வாசலில் பெறுவதற்கு ஒரு கட்டணம் என்று துணைக்கட்டணங்கள் உண்டா என்றும் காண்க.

5. எல்லாம் கூட்டினால் உள்நாட்டுக் கடை விலையைவிட இலாபமா? இக்கேள்வியைக் கடைசியில் வைத்தோமாயினும், பொருளை விரும்பும் மனம் எளிதில் மறப்பது இதையே.

நாமே சென்று விடுவித்தல்

தரகுக் கூலி மிகையெனத் தோன்றினால், பொருளுக்குரியவர் தாமே சுங்க அலுவலகம் சென்று கணக்குக் காட்டலாம். இது சலுகையன்று, உரிமை. ஆயினும் காலத்தே செய்ய வேண்டும். பொருள் புறப்பட்ட செய்தி கிடைத்ததும் கூரியர் நிறுவனத்துக்குத் தெரிவித்து, “நாங்களே விடுவித்துக்கொள்கிறோம்” என்று சொல்லிப் பொதிக்குரிய தாள்களைப் பெற வேண்டும். அவற்றோடு விலைச்சீட்டையும் அடையாளச் சான்றையும் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள எல்லைச் சேவை அலுவலகத்துக்குச் சென்று, தீர்வையும் வரியும் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். அதைக் கூரியர் நிறுவனத்திடம் காட்டியபின் பொதி கைக்கு வரும். வாசலில் கையொப்பமிட்டுப் பொருளைப் பெற்றுக்கொண்ட பின்னர் இவ்வழி அடைபட்டுவிடும்.

இதற்கு அரைநாள் ஆகலாம். பயணச் செலவும் உண்டு. இருபது டாலரை மிச்சம் பிடிக்க ஒரு நாள் கூலியை இழப்பது கணக்காகாது. பெரிய தொகையானால், அல்லது அலுவலகம் அண்மையில் இருந்தால், செல்லத் தகும். உரிமை உண்டு என்று அறிந்து, அதைப் பயன்படுத்துவதா விடுவதா என்று ஆய்ந்து முடிவு செய்பவர், அறியாமல் பணம் கொடுப்பவரினும் மேலான நிலையில் இருக்கிறார் அன்றோ?

தாய் அனுப்பும் பொதி

இனி நம் இல்லங்களுக்கு மிக நெருங்கிய செய்தி. கடையில் வாங்கும் பொருள் ஒருபுறமிருக்க, இங்கிருந்து பெற்றோர் அன்போடு அனுப்பும் பொதியும் அதே வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். பேரக்குழந்தைக்குப் பட்டுப்பாவாடையும் முறுக்கும் பொடிவகைகளும் வைத்துத் தாய் அனுப்புகிறார். மகள் அதைப் பெற முப்பது நாற்பது டாலர் செலுத்த நேர்ந்தாலும், தாயின் மனம் நோகுமே என்று சொல்வதில்லை. தாயும் அறியாமல் மீண்டும் அனுப்புகிறார். இத்தகைய மௌனம் பல குடும்பங்களில் உண்டு. வாய்விட்டுப் பேசினால் இருவர்க்கும் நன்மை.

கனடாவில் 20 டாலர் வரை விலையுள்ள பொருளுக்கு, எந்நாட்டிலிருந்து வரினும், தீர்வையும் வரியும் இல்லை. புகையிலை, மது, நூல்கள், இதழ்கள் ஆகியவற்றுக்கு மட்டும் இவ்விலக்கு இல்லை. வெளிநாட்டிலுள்ள ஒருவர் கனடாவிலுள்ள ஒருவருக்கு அனுப்பும் உண்மையான அன்பளிப்புக்கோ 60 டாலர் வரை விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்டால், மிகுந்த தொகைக்கு மட்டுமே வரி. அன்பளிப்பு என்பதைக் காட்டும் வாழ்த்தட்டையோ குறிப்போ பொதியினுள் இருத்தல் வேண்டும். ஆகவே, பெரிய பொதி ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை அனுப்புவதினும், அளவான பொதிகளை அந்தந்த விழாவுக்கு அனுப்புவது நலம். இறைச்சி, பால் பொருள், விதை, செடி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு; அவற்றைக் கேட்டறியாமல் வைக்கலாகாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கடையில் வாங்கிய பொருளின்மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்வதும், ஐயாயிரம் ரூபாய்ச் சேலையை ஐந்நூறு என்று அறிவிப்பதும் இன்று இயல்பாகிவிட்டன. “எல்லோரும் செய்கிறார்களே” என்பது வாதமாகாது. அஞ்சலகத்தில் நிரப்பித் தரும் சுங்க அறிவிப்புப் படிவத்தின் கீழ் நாம் இடும் கையொப்பம் ஓர் உறுதிமொழி. பொய்யெனக் கண்டால் பொருள் பறிமுதலாகலாம். பெறுபவர் தண்டம் செலுத்தவும் நேரலாம். தவறு செய்தவர் இங்கே, அலைபவர் அங்கே. பொதி தொலைந்துபோனாலும், அறிவித்த ஐந்நூறுக்கே இழப்பீடு கோர முடியும். தரகர் மிகையாகக் கேட்கிறார் என்பதற்காக அரசுக்குரியதை மறைப்பது, ஒருவர் செய்த பிழைக்கு மற்றொருவரைத் தண்டிப்பதாகும்.

சுருங்கிவரும் விலக்குகள்

சிறு பொதிகளுக்கு நாடுகள் அளித்துவந்த விலக்குகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி வருகின்றன. ஆஸ்திரேலியா 2018 சூலை முதல் சிறுவிலைப் பொருளுக்கும் வரி தண்டத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வரிவிலக்கை 2021 சூலையில் நீக்கியது. அமெரிக்கா 2016இல் 800 டாலராக உயர்த்திய விலக்கை 2025 ஆகஸ்டு 29ஆம் நாள் முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அம்மாற்றத்தால் நம் அஞ்சல் துறையே அமெரிக்காவுக்குப் பொதி பெறுவதை ஆகஸ்டு இறுதியில் நிறுத்தி, அக்டோபர் 15ஆம் நாள்தான் மீண்டும் தொடங்கியது. பொதியோடு அஞ்சலகம் சென்று வெறுங்கையோடு திரும்பிய பெற்றோர் எத்தனை பேர்!

நம் நாட்டுக்குள் வரும் பொருளுக்கும் இவ்வாறே. வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புக்கு 5,000 ரூபாய் வரை இருந்த விலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறுமே விதிவிலக்கு. ஆகவே மகன் அங்கிருந்து வாங்கி அனுப்பும் கைக்கடிகாரத்துக்கும் இங்கே தீர்வை உண்டு. கூரியர் வழி வந்தால் அடையாளச் சான்றும் கேட்பர், விடுவித்த கூலியும் கேட்பர். தீர்வை விகிதங்கள் வரவுசெலவுத் திட்டங்களில் மாறக்கூடியவை. அனுப்புமுன் அவ்வப்போது கேட்டறிக.

சுங்கத்தின் பெயரால் வஞ்சகம்

மூன்று கைகளைப் பற்றிச் சொன்னோம். நான்காவது கை ஒன்றும் உண்டு. அது கள்வனின் கை. இணையத்தில் நட்புக்கொண்ட ஒருவர் விலையுயர்ந்த அன்பளிப்பு அனுப்பியதாகச் சொல்வார். சில நாளில் ‘விமான நிலையச் சுங்க அலுவலர்’ என்று ஒரு குரல் தொலைபேசியில் வரும். பொருளை விடுவிக்கப் பணம் கேட்கும். ஒரு தொகை கட்டினால் மற்றொரு தொகை கேட்கும். அல்லது, “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் உள்ளது” என்று மிரட்டி, ‘டிஜிட்டல் கைது’ செய்ததாகச் சொல்லி, காணொலி அழைப்பிலேயே அடைத்துவைத்துச் சேமிப்பு முழுவதையும் கறக்கும். முதிய பெற்றோரே இதற்கு மிகுதியும் இரையாகின்றனர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் ‘பார்சல்’ என்ற சொல்லே அவர்களுக்கு நம்பத்தக்கதாகிவிடுகிறது.

நினைவிற் கொள்க: சுங்கத்துறை எவரிடமும் தொலைபேசியில் அழைத்துத் தனியாள் வங்கிக் கணக்கில் தீர்வை கட்டச் சொல்வதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லவே இல்லை. சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் 2019 முதல் தனி ஆவண எண் ஒன்று இடம்பெறுகிறது; அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணம் பறிபோனதாக உணர்ந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு.

இந்நான்காம் கையிலிருந்து காப்பதும் நாம் முதலில் சொன்ன பாடமே. பணம் கேட்கப்படும்போதெல்லாம், “இது தீர்வையா, வரியா, கூலியா? கேட்பவர் யார்? எந்தச் சீட்டின்படி கேட்கிறார்?” என்று வினவும் பழக்கமுடையவரைக் கள்வன் எளிதில் வீழ்த்த முடியாது. அரசுக்குரியதைக் குறைவின்றிக் கொடுப்போம். உழைத்தவரின் கூலியை, முன்னரே கேட்டறிந்து, தகுதியானால் கொடுப்போம். வஞ்சகனுக்கு ஒரு காசும் கொடாதிருப்போம். வெளிநாட்டில் பிள்ளைகளையுடைய பெற்றோர் இப்பக்கங்களை அவர்களுக்குப் படித்துக் காட்டி, அடுத்த பொதியை அனுப்புமுன் இரு பக்கத்தாரும் கலந்து பேசி முடிவு செய்வார்களாக.